பல்செட் போட்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கழற்றி மாட்டும் பல்செட் செய்துகொடுக்கும் பல் மருத்துவர் நான். செட் செய்வதைவிட, செய்த பிறகு எழும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதில்தான் நாளின் பெரும்பகுதி போகிறது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. எனவே அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வழக்கமாகச் சொல்லும் பதிலை எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பல்செட்டுன்னா ஆடத்தான் செய்யும், குத்தத்தான் செய்யும்" என்று வருடக்கணக்கில் பொறுத்துப்போகிறவர்கள் மிக அதிகம். அவர்கள் படும் சிரமத்தில் பெரும்பகுதி சரிசெய்யக்கூடியது. நிலையாக ஒட்டிய கேப், பிரிட்ஜ் பற்றி இங்கே பேசவில்லை. நாமே கழற்றி மாட்டும் செட் பற்றி மட்டும்.

1. "பல்லெல்லாம் எடுத்தாச்சு டாக்டர். செட்டு உடனே போட்டுக்கலாமா, காத்திருக்கணுமா?"

பல் எடுத்த குழி மூடி ஈறு ஆற வேண்டும். வழக்கமாக இரண்டு மூன்று மாதம் விட்டு அளவெடுப்போம். பல் எடுத்ததிலிருந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ தாடை எலும்பு வேகமாகக் கரையும் காலம். அவசரப்பட்டு அளவெடுத்தால் அந்த அளவு சீக்கிரமே பொருந்தாமல் போகும்.

வெளியில் போகிற வேலை, வீட்டில் கல்யாணம் என்று பல்லில்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பல் எடுக்கும் முன்பே அளவெடுத்துச் செட்டைத் தயாராக வைத்து, பல் எடுத்த அன்றே மாட்டிவிடலாம். முதல் 24 மணி நேரம் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் வீக்கத்தில் திரும்ப உள்ளே போகாது. ஆனால் சில மாதங்களில் அது நிச்சயம் லூசாகும், உள்பக்கம் மறுபூச்சு தேவைப்படும். இதைத் தெரிந்துகொண்டே செய்துகொள்ளுங்கள்.

2. "அஞ்சு தடவை வரச்சொல்றீங்க. ஒரே நாள்ல கட்டித் தரேன்னு எங்க ஊர்ல ஒருத்தர் சொல்றாரே?"

முதல் அளவு, நுண்ணிய இரண்டாம் அளவு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் உயரத்தைக் குறிப்பது, மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் மாட்டுவது. முழு செட்டுக்கு இந்த ஐந்து படியும் வேண்டும். இதில் நோயாளிகள் அசட்டையாக விடுவது மெழுகுப் படியை. அன்றைக்கு வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வாருங்கள், பல் இருந்த காலத்துப் புகைப்படம் இருந்தால் கொண்டு வாருங்கள். பல்லின் நிறம், நீளம், சிரிப்பு எதுவானாலும் மெழுகில் இருக்கும்போது மாற்றுவது சுலபம். அக்ரிலிக்கில், அதாவது செட் செய்யும் பிளாஸ்டிக்கில், வார்த்துவிட்டால் மாற்றுவது பெரிய வேலை.

சில இடங்களில், தானே இறுகும் அக்ரிலிக் மாவைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து அப்பி "கட்டுப்பல்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கழற்ற முடியாது, சுத்தம் செய்ய முடியாது. அடியில் சீழ் வைத்து, நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் போய்விடும். பல் மருத்துவம் பார்க்க மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. பணம்தான் தடை என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் முறையாகச் செய்வார்கள்.

3. "செட்டு போட்டதிலிருந்து எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. வாய்க்குள்ள எதையோ அடைச்சு வச்ச மாதிரி இருக்கு. பழகுமா?"

பழகும். வாய்க்குள் புதிதாக ஒரு பொருள் வந்தால் அதை உணவென்று எண்ணி உமிழ்நீர்ச் சுரப்பிகள் வேலை செய்கின்றன. சில நாளில் அடங்கிவிடும். அடிக்கடி துப்பாமல் விழுங்கிக்கொள்ளுங்கள். நாக்கும் கன்னமும் செட்டை ஏற்றுக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் "எனக்கு ஒத்துவரல" என்று டப்பாவில் போட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் போட்டு ஒரு நாள் கழற்றிவைத்தால் பழகவே பழகாது.

4. "பேச்சு குழறுது மேடம். போன்ல பேசினா என் பொண்ணுக்கே புரியல."

தமிழில் ழ, ள, ண, ட சொல்லும்போது நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை நெருங்கும். இப்போது அந்த அண்ணத்தை ஒரு தகடு மூடியிருக்கிறது. த, ந சொல்லும்போது நாக்கு மேல் முன்பல்லின் பின்பக்கத்தைத் தொடும். அந்தப் பல்லும் புதிது. எனவே நாக்கு புது இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படியுங்கள். எந்தச் சொல் குழறுகிறதோ அதையே மெதுவாகப் பல தடவை சொல்லுங்கள். தேவாரமோ திருப்புகழோ மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிப் பழகி மற்றவர்களைவிட விரைவில் தெளிவாகப் பேசுவதைக் கவனித்திருக்கிறேன்.

ஒரு மாதம் தாண்டியும் 'ஸ' விசில் அடிப்பது போல் வந்தாலோ, பேசும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் 'டக் டக்' என்று மோதினாலோ அது பழக்கக் குறை இல்லை. பல் அடுக்கிய இடமோ, செட்டின் உயரமோ சரியில்லை. செய்தவரிடம் திரும்பப் போங்கள்.

5. "என்னென்ன சாப்பிடலாம்? முறுக்கெல்லாம் இனிமே அவ்வளவுதானா?"

முதல் வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், நன்றாக வெந்த காய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோசை, சப்பாத்தி, சிறிதாக நறுக்கிய கறி. சின்னக் கவளமாக எடுத்து இரண்டு பக்கமும் பிரித்து வைத்து மெல்லுங்கள். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள். கொய்யா, கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் செட்டைப் பின்னாலிருந்து கழற்றிவிடும். எள், கொய்யா விதை போன்றவை செட்டுக்கு அடியில் புகுந்து குத்தும். முறுக்கு, சீடை, தட்டை ஆசைப்பட்டால் உடைத்து, காபியிலோ டீயிலோ ஊறவைத்துச் சாப்பிடலாம்.

முழு செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் கால் பங்கு அளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். எனக்குக் கவலை தருவது வேறு விஷயம். மெல்ல முடியவில்லை என்று காய்கறி, பயறு, முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் ரசம் சாதமும் பன்னும் பிஸ்கட்டுமாக இருந்துவிடுகிறார்கள். உடம்பு வற்றுகிறது, சுகர் ஏறுகிறது. சுண்டலை மசித்துக் கொடுங்கள், கீரையைக் கடைந்து கொடுங்கள், கறியைக் கொத்திச் சமையுங்கள். சமைக்கிறவர்கள் மனது வைத்தால் நடக்கிற காரியம் இது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அண்ணம் மூடியிருப்பதால் முள் இருப்பது தெரியாது. முள்ளை இலையிலேயே பார்த்து எடுத்துவிடுங்கள். கொதிக்கும் காபியும் அப்படித்தான், சூடு தொண்டையில் போய்த்தான் தெரியும்.

6. "நாக்குல ருசியே தெரியல. செட்டு ருசியைக் கெடுக்குமா?"

ருசி மொட்டுகள் பெரும்பாலும் நாக்கில்தான் இருக்கின்றன, அவற்றைச் செட் மூடுவதில்லை. அண்ணத்தில் படும் சூடு, மொறுமொறுப்பு, வழவழப்பு இவைதான் குறைகின்றன. அதைத்தான் ருசி குறைந்ததாக உணர்கிறோம். சில வாரத்தில் பெரிதும் சரியாகும். நாக்கைத் தினமும் மெதுவாக வழியுங்கள்.

7. "மேல் செட்டு கச்சிதமா நிக்குது. கீழ் செட்டு மட்டும் மிதக்குது. கீழ் அளவை நீங்க சரியா எடுக்கலையோ?"

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்கள்தான் அதிகம், அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, மேல் செட் நிற்பது அப்படித்தான். அகலமான அண்ணம், அதன்மேல் மெல்லிய உமிழ்நீர்ப் படலம், காற்று புகாத ஓரம். கீழ்த்தாடையில் இந்த வசதி இல்லை. அது 'ப' வடிவத்தில் ஒரு குறுகிய மேடு. செட் உட்காரும் பரப்பு மேல்தாடையில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது. அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் கீழ் செட் மேல் செட் போல ஒட்டாது.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். நாக்கைப் பின்னால் இழுத்து வைத்திருப்பவர்களுக்குக் கீழ் செட் தூக்கிக்கொண்டே இருக்கும். வாய் சும்மா இருக்கும்போது நாக்கு நுனி கீழ் முன்பல்லின் பின்புறத்தைத் தொட்டபடி இருக்கட்டும். இந்த ஒரு பழக்கம் பலருக்குப் பெரிய வித்தியாசத்தைத் தந்திருக்கிறது. ஓரம் நீளமாக இருந்து கன்னத் தசை தள்ளுகிறதா, கடி ஒரு பக்கம் முந்துகிறதா என்று மருத்துவர் பார்த்துத் திருத்தலாம். மேடே இல்லாமல் எலும்பு கரைந்துபோனவர்களுக்கான வழி 20ஆம் கேள்வியில் இருக்கிறது.

8. "போட்ட புதுசுல நல்லா இருந்துச்சு. மூணு வருஷத்துல லூசாயிடுச்சு. செட்டு சுருங்கிடுச்சா?"

செட் சுருங்கவில்லை, அதைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கிறது. பல் வேர் இருந்தவரை எலும்புக்கு வேலை இருந்தது. வேர் போனதும் எலும்பு வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடை மேடு மேல்தாடையைப் போல் சுமார் நான்கு மடங்கு கரைவதைக் காட்டியது. இன்றும் எங்கள் பாடப் புத்தகங்களில் அது இடம்பெறுகிறது.

லூசான செட்டின் உள்பக்கத்தை இப்போதுள்ள ஈறின் வடிவத்துக்கு ஏற்ப மறுபடி வார்க்கலாம். இதற்கு ரீலைனிங் என்று பெயர். பல் வரிசை நன்றாக இருந்தால் புது செட் தேவைப்படாது. ஐந்து முதல் ஏழு வருடம் ஆகி, மெல்லும் பல்லும் தேய்ந்து தட்டையாகிவிட்டால் புதிதாகச் செய்வது நல்லது. "இன்னும் உடையலையே" என்று பதினைந்து வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆடும் செட் ஈறை அழுத்தி எலும்பை இன்னும் கரைக்கும். அடுத்த செட் நிற்பது அதனால் மேலும் கடினமாகும்.

9. "மெடிக்கல்ல ஒட்டுற பேஸ்ட் விக்கிறாங்களே, அதைப் போட்டுக்கிட்டா போதாதா?"

நன்றாகப் பொருந்தும் செட்டுக்குக் கூடுதல் தைரியம் தர அது உதவும். கல்யாணம், மேடைப் பேச்சு போன்ற நாட்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம். உலர்ந்த செட்டில் மூன்று நான்கு சிறு பொட்டு போதும். இரவில் செட்டிலிருந்தும் ஈறிலிருந்தும் முழுவதும் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு டியூப் தீர்கிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று பொருள். அதற்கு மருந்து பேஸ்ட் இல்லை, 8இல் சொன்ன ரீலைனிங். இன்னொரு ஆபத்தும் உண்டு. துத்தநாகம் கலந்த பேஸ்ட்டை அளவில்லாமல் வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்து, கை கால் மரத்துப்போய், நடை தள்ளாடும் அளவுக்கு நரம்பு பாதித்திருக்கிறது. டியூபில் துத்தநாகம், அதாவது ஜிங்க், இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.

10. "ஒரு இடத்துல குத்திப் புண்ணாயிடுச்சு. உப்புத்தாள் வச்சு நானே கொஞ்சம் தேச்சுக்கலாமா?"

வேண்டாம். எந்த இடம் குத்துகிறது என்று கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தவறான இடத்தில் தேய்த்தால் காற்று புகாத ஓரம் போய்விடும், பிறகு செட் நிற்கவே நிற்காது. புது செட்டில் முதல் வாரங்களில் ஓரிரு இடம் புண்ணாவது இயல்பு. வலி தாங்காவிட்டால் கழற்றிவைத்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஆனால் மருத்துவரிடம் வருவதற்கு முந்தைய நாள் செட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். புண்ணின் தடம் தெரிந்தால்தான் சரியான இடத்தில் தேய்க்க முடியும்.

செட்டைச் சரிசெய்த பிறகும், அல்லது கழற்றிவைத்த பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் உடனே காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், ஹான்ஸ் அடக்குகிறவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். "செட்டு உரசின புண்ணுதானே" என்று விட்டுவிட்டுப் புற்றுநோய் முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்ப்பதைப் போல வேதனை எங்கள் தொழிலில் வேறில்லை. ஆரம்பத்தில் அது வலிக்கவும் வலிக்காது.

11. "ராத்திரி கழட்டித்தான் ஆகணுமா? மருமக, பேரப்பிள்ளைங்க முன்னாடி பொக்கை வாயோட இருக்கக் கூச்சமா இருக்கு."

கூச்சம் நியாயமானது. எல்லோரும் படுத்த பிறகு கழற்றுங்கள், எழுந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கழற்றுங்கள். பகல் முழுதும் அழுந்திக் கிடக்கும் ஈறுக்கு ஓய்வு வேண்டும். உமிழ்நீர் இரவில் குறைந்துவிடும்; செட்டுக்கு அடியில் பூஞ்சை வளர அதைவிட நல்ல நேரம் கிடையாது. 1ஆம் கேள்வியில் சொன்ன முதல் 24 மணி நேரம் மட்டும்தான் விதிவிலக்கு.

ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. செட்டில் படிந்த கிருமி தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்குவது காரணமாக இருக்கலாம். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கழற்றிய செட்டைத் தண்ணீரில் மூழ்கவைத்து மூடிவையுங்கள். காய்ந்தால் அக்ரிலிக் கோணிக்கொள்ளும்.

12. "பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன். அப்பவும் நாத்தம் போகல."

பற்பசையில் இருக்கும் தேய்ப்புத்தூள் சொந்தப் பல்லுக்குச் சரி. அக்ரிலிக் அதைவிட மிருதுவானது, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கிருமி அந்தக் கீறல்களில்தான் குடியேறும், நாற்றமும் அங்கிருந்துதான். சாம்பல், பல்பொடி, உப்பு இவற்றையும் விட்டுவிடுங்கள். மிருதுவான பிரஷ், கொஞ்சம் குளியல் சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ போதும். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசுங்கள், இரவில் சோப்புப் போட்டுத் தேயுங்கள். ஈறுடன் ஒட்டும் உள்பக்கத்தைத் தேய்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெந்நீர் கூடாது, வடிவம் மாறிவிடும்.

பல்செட்டுக்கென்று விற்கும் நுரை மாத்திரையைத் தண்ணீரில் போட்டு ஊறவைக்கலாம். டப்பாவில் எழுதிய நேரம் முடிந்ததும் நன்றாக அலசி மாட்டுங்கள். மாத்திரையை வாயில் போடவே கூடாது. பிளீச் திரவம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் நீர்த்து, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல், முழு அக்ரிலிக் செட்டுக்கு மட்டும். உலோகம் இருக்கும் செட் அதில் கறுத்து அரிக்கும். வெற்றிலைக் கறையும், கல் போல் படிந்த ஊத்தையும் வீட்டில் சுரண்டினால் கீறல்தான் மிஞ்சும். மருத்துவமனையில் பாலிஷ் போட்டுத் தருவார்கள்.

ஈறையும் அண்ணத்தையும் நாக்கையும் மெல்லிய ஈரத்துணியால் தினம் துடையுங்கள். பல் இல்லாத வாய்க்கும் சுத்தம் வேண்டும்.

13. "மேலண்ணம் சிவந்திருக்குன்னு மருந்து குடுத்தீங்க. எனக்கு வலியே இல்லையே?"

அதுதான் இதில் உள்ள சிக்கல். செட்டின் உருவத்தை அப்படியே வரைந்ததுபோல் அண்ணம் சிவந்திருக்கும், வலி பெரும்பாலும் இருக்காது. கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை இது. இரவும் பகலும் கழற்றாதவர்கள், சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்து வாய் கொப்பளிக்காதவர்கள் இவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். பூஞ்சை மருந்தை வாய்க்கு மட்டும் போட்டுச் செட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் மருந்து நின்ற மறு மாதம் திரும்ப வரும். பூஞ்சை செட்டிலும் இருக்கிறது. 11, 12இல் சொன்ன இரண்டும் இந்தச் சிகிச்சையின் பாதி.

இதயத்துக்காக வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மைக்கோனசோல் என்ற வாய்ஜெல் அதனோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். வேறு மருந்து கொடுப்போம்.

14. "வாயோரம் வெடிச்சு எரியுது. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டும் சரியாகல."

சத்துக் குறைவு ஒரு காரணம், அதுவே முழுக் காரணமில்லை. பழைய செட்டின் பல் தேய்ந்தால் வாய் மூடும்போது தாடை அதிகம் மேலே போகும், உதட்டோரம் மடிந்து எச்சில் தேங்கும். அந்த ஈரத்தில் 13இல் சொன்ன அதே பூஞ்சை வளரும். மூக்கும் முகவாயும் நெருங்கிவந்து முகம் கிழடு தட்டினாற்போல் தெரிவதும் இந்த உயரக் குறைவால்தான். ஒரு களிம்பு, ரத்தசோகை இருந்தால் அதற்கு மருந்து, உயரம் சரிசெய்த புது செட். மூன்றும் சேர்ந்தால்தான் தீரும்.

15. "கழுவும்போது கைதவறி உடைஞ்சுடுச்சு. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேன்."

அடுத்த முறை தயவுசெய்து ஒட்டாதீர்கள். உடைந்த விளிம்புகள் முடியளவு விலகி ஒட்டினாலும் கடி மாறிவிடும். அந்தப் பசை வாய்க்குள் போட ஏற்றதும் இல்லை. ஒட்டிய செட்டை விட ஒட்டாத துண்டுகளைக் கொண்டு வந்தால் நேர்த்தியாகச் சேர்க்கலாம். சிறு துண்டையும் விடாமல் எடுத்து வாருங்கள்.

கழுவும்போது அடியில் தண்ணீர் நிரம்பிய பக்கெட்டோ, மடித்த துண்டோ இருக்கட்டும். சிமெண்ட் தொட்டியிலும் துவைகல்லிலும் விழுந்துதான் நிறைய உடைகிறது. தொலைவதும் அப்படியே. பந்தியில் கழற்றி இலையோரம் வைத்தது இலையோடு போய்விடும், பேப்பரில் சுற்றி வைத்ததை யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். வெளியே போகும்போது ஒரு சின்ன டப்பா கையில் இருக்கட்டும்.

16. "மேல் செட்டு மாட்டினாலே குமட்டுது."

பின் ஓரம் நீளமாக இருந்தாலும் குமட்டும், செட் லூசாகிப் பின்பக்கம் தொங்கினாலும் குமட்டும். இரண்டையும் மருத்துவர் திருத்தலாம். அதுவரை மூக்கால் மெதுவாக மூச்சு விட்டபடி மாட்டுங்கள். முதல் நாட்களில் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டிப் பழகுங்கள். நீங்களே பின் ஓரத்தை வெட்டினால் 10இல் சொன்ன கதிதான்.

17. "நாலு பல்லுக்கு மட்டும் கம்பி வச்ச செட்டு. கம்பி பக்கத்துப் பல்லைத் தின்னுடும்ங்கறாங்களே?"

கம்பி தின்னாது. கம்பிக்கு அடியில் தேங்கும் சோறும் ஊத்தையும்தான் தின்கிறது. கம்பி பிடிக்கும் பல்லை மற்றப் பல்லைவிட அக்கறையாகத் தேய்க்க வேண்டும், அங்கே மட்டும் பற்பசைதான். கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றாதீர்கள், கடித்து மாட்டாதீர்கள். வளைந்த கம்பி பல்லை ஆட்டிவிடும்.

கம்பி தெரியாத, வளையும் நைலான் செட்டைப் பலர் விரும்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், எளிதில் உடையாது. ஆனால் லூசானால் ரீலைன் செய்வதும், பிறகு ஒரு பல் விழுந்தால் அதில் சேர்ப்பதும் கடினம். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே ஆடுகிறது என்றால் நான் அதைச் சொல்வதில்லை.

18. "கீழே முன்பல்லு ஆறும் என்னோடது. மேலே முழு செட்டு. ரெண்டு தடவை நடுவுல பிளந்துடுச்சு. மட்டமான மெட்டீரியலா?"

மெட்டீரியலைக் குறை சொல்ல முடியாது. கீழே கடைவாய்ப் பல் இல்லாததால் நீங்கள் முன்பக்கத்திலேயே மெல்லுகிறீர்கள். உறுதியான சொந்தப் பல் ஆறும் மேல் செட்டின் முன்பக்கத்தை இடித்துக்கொண்டே இருக்கின்றன. நாளாக ஆக மேல்தாடையின் முன் எலும்பு கரைந்து, ஈறு மட்டும் தொளதொளவென்று மிஞ்சும். செட் முன்னால் ஏறிப் பின்னால் இறங்கும், நடுவில் பிளக்கும்.

மேல் செட்டை எத்தனை முறை புதிதாகச் செய்தாலும் இது நிற்காது. கீழே கடைவாய்க்கும் ஒரு பகுதி செட் செய்து, மெல்லும் வேலையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். "கீழ முன்பல்லு இருக்கே, அது போதும்" என்று கீழ் செட்டை மறுப்பவர்களிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். பிளவு தொடர்ந்தால் மேல் செட்டுக்குள் உலோகத் தகடு வைத்து வார்க்கலாம்.

19. "சுகர், பிரஷர், எலும்புத் தேய்மானம் எல்லாத்துக்கும் மாத்திரை போடறேன். பல்செட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நிறைய இருக்கிறது. சில பிரஷர் மாத்திரைகள், மனஅழுத்த மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் வாயை உலரவைக்கும். 7இல் சொன்ன உமிழ்நீர்ப் படலம் இல்லாவிட்டால் மேல் செட்டும் நிற்காது, ஈறும் சீக்கிரம் உரசிப் புண்ணாகும். அடிக்கடி ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள்.

எலும்பு மெலிவுக்கோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனேட் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் செட் உரசிய சிறு புண்கூட ஆறாமல் எலும்பு வெளியே தெரியும் நிலைக்குப் போகலாம். அது அரிதுதான். ஆனாலும் அவர்கள் புண்ணோடு ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்க வேண்டாம். மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் வரும்போதும் கொண்டு வாருங்கள்.

20. "கீழ்த்தாடைல மேடே இல்லன்னுட்டாங்க. இந்த எழுபத்தஞ்சு வயசுல இம்பிளாண்ட் எல்லாம் தாங்குமா?"

வயது தடையில்லை. கட்டுப்படாத சுகர், விடாத புகை, 19இல் சொன்ன எலும்பு மருந்துகள் இவைதான் யோசிக்க வைக்கும். கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்பிளாண்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் சிறு திருகு, வைத்து, கீழ் செட்டை அவற்றின்மேல் பிரஸ் பட்டன் முறையில் மாட்டலாம். 2002இல் கனடாவின் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று அறிவித்தார்கள். செட் மிதப்பது நின்றுவிடும்.

செலவு கணிசமானது, மறைக்க விரும்பவில்லை. அதையும் இரவில் கழற்ற வேண்டும், இம்பிளாண்டைச் சுற்றித் தேய்க்க வேண்டும், தேய்ந்த பட்டன் வளையங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். கவனமாகச் செய்த சாதாரணக் கீழ் செட்டோடு நன்றாக வாழ்கிறவர்கள்தான் என் நோயாளிகளில் அதிகம்.

21. "அப்பாவுக்கு ஞாபக மறதி. பழைய செட்டு தேஞ்சுபோச்சேன்னு புதுசு செஞ்சோம். துப்பிடறாரு. என்ன பண்றது?"

புதிய வடிவத்தைக் கற்றுக்கொள்ளும் சக்தி மூளையில் குறைந்துவருகிறது. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, திட்டாதீர்கள். பழைய செட்டையே நகலெடுத்து, அதன் வெளி வடிவத்தை மாற்றாமல் பொருத்தத்தை மட்டும் சரிசெய்து புது செட் செய்யும் முறை உண்டு. நாக்குக்குப் பழகிய வடிவம் என்பதால் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மறதி ஆரம்பிக்கும் காலத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. அப்படியும் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். மசித்த உணவோடு நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

அவருடைய செட்டில் பெயரை உள்ளே பதித்துத் தரச் சொல்லுங்கள், மருத்துவமனைகளில் மாறிப்போகாது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் செட்டைக் கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பகுதி செட்டைக் காணவில்லை, சாப்பிடும்போது திணறுகிறார் அல்லது விழுங்க வலிக்கிறது என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது. எனவே "படத்துல ஒண்ணுமில்ல" என்றாலும், செட்டைக் காணவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

22. "புது செட்டு வந்தாச்சு. பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?"

போடாதீர்கள். புது செட் ரீலைனுக்கோ ரிப்பேருக்கோ போகும் நாட்களில் பழையது கைகொடுக்கும். மூடியுள்ள டப்பாவில் தண்ணீரில் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஆனால் "இதுதான் சொகமா இருக்கு" என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள், புதியது பழகாது. வருடம் ஒருமுறை பரிசோதனைக்கு வரும்போது இரண்டையும் எடுத்து வாருங்கள். பழைய செட் பல்லின் தேய்மானத்தைப் பார்த்தே நீங்கள் எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள், உயரம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லிவிடலாம்.